ஒப்பீட்டு மூக்கு

இதனால் மூன்றாம் கூடத்தின் சகல தொழிலாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அலுமினியக் கெட்டிலில் மனிதக் கையால் கூடத்துக்குள்ளேயே டீ கொண்டுவந்து ஊற்றும் பழைமையான, சுகாதாரமற்ற, நேரத்தைத் தின்னும் முறை வருகிற திங்கள் முதல் அடியோடு ஒழிக்கப்படுகிறது. அதன் இடத்தில், பொத்தானை அழுத்தினால் பானம் தரும் நவீனக் கருவி ஒன்று நுழைவாயிலருகே நிறுவப்படும். நமது ஆலையின் வரலாற்றில் இது ஒரு புதிய சகாப்தம்.

கீழே மேலாளரின் கையெழுத்து. அவர் வேதியியலில் முனைவர். கையெழுத்தில் பெயரைவிட 'முனைவர்'தான் நீளமாக இருக்கும். கூடத்தில் அவரைப் 'பாடப்புத்தகம்' என்பார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

சகாப்தம் பிறந்த திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, வழக்கம்போல, 'நிறம்' தன் கலனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

நிறம் என்பது அவர் பார்த்த வேலையின் பெயர். பத்தொன்பது வருஷத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் கலனின் விலாவில், தட்டு அளவு வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு. உள்ளே இருப்பது எண்ணெய் மாதிரி ஒரு திரவம். படித்தவர்கள் அதை ஆல்கீன் என்பார்கள். கூடத்தில் அதற்கு எண்ணெய் என்றே பெயர். மேலிருந்து சொட்டுச் சொட்டாக அதில் விழுவது புரோமின். கூடத்தில் அதற்குச் சிவப்பு என்று பெயர். எண்ணெய்க்குள் கார்பன்கள் சோடி சோடியாக, ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். சிவப்பு வந்து விழுந்ததும் ஒரு பிடியை விட்டுவிட்டு, விட்ட கையால் ஆளுக்கொரு புரோமினைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நொடியில் சிவப்பின் நிறம் போய்விடும். விழும், போகும். விழும், போகும். ஆறு மணி நேரம் இப்படி.

பிறகு ஒரு சொட்டு விழும், நிறம் போகாது. எண்ணெயில் காலிக் கை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்பது வரை எண்ணிப் பார்த்து, அப்போதும் நிறம் நின்றால் சிவப்பு வால்வை மூட வேண்டும். அந்தச் சொட்டைத் தவறவிடாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. முடிவில் கிடைப்பதை உலர்த்திப் பொடியாக்கிப் பையில் கட்டுவார்கள். யார் யார் வீட்டு மெத்தையிலோ அதைக் கலப்பார்களாம், தீப்பிடிக்காமல் இருக்க. கட்டுகிறவர்களின் வீட்டில் மெத்தை கிடையாது, ஆகவே அந்த ஆபத்தும் கிடையாது.

கூடத்தில் மஞ்சள் சோடியம் விளக்கு. அந்த வெளிச்சத்தில் சுவர், சட்டை, முகம், காற்று எல்லாம் ஒரே பழுப்பு. சிவப்பு ஆவியாகக் கசிந்தாலும் பழுப்புதான். பழுப்பில் பழுப்பு தெரியாது. மூக்கால் கண்டுபிடிக்கலாம் என்றால், முதல் ஐந்து வருஷத்திலேயே சிவப்பு மூக்கை அவித்துவிடும். கூடத்தின் இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேருக்கு மூக்கு என்பது மூக்குக்கண்ணாடி தாங்குகிற இடம். மீதி நாலு பேர் பொடியைப் பையில் கட்டும் பெண்கள். அவர்கள் இருப்பது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்.

சுவரில் அலாரப் பெட்டி ஒன்று உண்டு. ஓயாமல் கத்துகிறது, உற்பத்தி கெடுகிறது என்று எப்போதோ அதன் ஒயரைக் கத்தரித்துவிட்டார்கள். பெட்டி இருக்கிறது. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறார்கள்.

ஆக, பதினொரு வருஷமாக அந்தக் கூடத்தின் மூக்கு கெட்டில் அக்காதான்.

யாரும் தீர்மானம் போட்டு நியமிக்கவில்லை. வாசலிலிருந்து கலன் வரை ஏழு தூண்கள். காலை ஏழு மணிக்கும், பதினொன்றுக்கும், மதியம் ஒன்றுக்கும் அக்கா கெட்டிலோடு உள்ளே வருவார். ஏழாவது தூண் வரை வந்து டீ ஊற்றினால் எல்லாம் நலம். ஐந்தாவது தூணில் நின்று, "இங்க வந்து வாங்கிக்குங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்றால், எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. குழாயும் பம்பும் பழுது பார்க்கும் பிட்டர் ஸ்பேனரை எடுப்பார். மூன்றாவது தூணில் நின்றால் வால்வை மூடிவிட்டு எல்லோரும் வெளியே. ஒரு தடவை வாசற்படியிலேயே நின்று, கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே ஓடினார். அன்றைக்கு இருபத்து மூன்று பேரும் டீ குடிக்காமலே உயிரோடு வீடு போனார்கள். தன் மூக்குக்கு இப்படியொரு உத்தியோகம் இருப்பதை அக்கா ஒருபோதும் பெருமையாகச் சொன்னதில்லை. முட்டி வலி என்றே சொல்லிவந்தார்.

சகாப்தம் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மேலாளர் விளக்கக் கூட்டம் நடத்தினார். நிறத்தின் தங்கை புருஷன்தான் பிட்டர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். அவர் எழுந்தார்.

"டீ எங்க வேணா குடிச்சுக்கறோம் சார். அந்த அலாரப் பெட்டிக்கு ஒயரக் குடுத்துருங்க."

மேலாளர் மகிழ்ந்துபோனார். கேள்வி கேட்டால் அவருக்குப் பாடம் நடத்த வாய்ப்பு.

"நல்ல கேள்வி. நம்ம ஆலையில நடக்கறது என்ன வினை? சேர்க்கை வினை. ஆல்கீனோட புரோமின் சேருது. ரெண்டும் சேர்ந்து ஒண்ணாகுது. இதுல துணைப்பொருள் எதுவுமே கிடையாது. எதுவும் வெளியேறாது! எந்தப் புத்தகத்த வேணும்னாலும் புரட்டிப் பாருங்க. வெளியேறாத ஒண்ணுக்கு அலாரம் எதுக்கு?"

"புத்தகத்துக்கு நட்டு போல்ட்டு கிடையாது சார்," என்றார் பிட்டர். "எங்க பைப்புக்கு இருக்கு."

சிரிப்பு எழுந்தது. மேலாளர் கையை உயர்த்தி அடக்கினார். "நிர்வாகமும் தொழிலாளியும் ஆல்கீன்ல இருக்கற ரெண்டு கார்பன் மாதிரி. நமக்குள்ள இருக்கறது இரட்டைப் பிணைப்பு."

"அதுல ஒரு பிணைப்பு லேசாமே சார். எது வந்து மோதினாலும் அதுதான் மொதல்ல அத்துக்குமாமே. அது யாரு, நீங்களா, நாங்களா?"

கூட்டம் அத்துடன் முடிந்தது. அலாரம் பற்றிக் குறிப்பேட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் போயின. கருவியின் பொத்தானை அழுத்தினால் சூடான ஏதோ ஒன்று வந்தது. அது டீயா காபியா என்று பத்தொன்பது பேருக்கும் தெரியாது. பொத்தானில் எழுதியிருந்ததை நம்பினார்கள்.

அந்த நாட்களில் அவர்கள் செய்த தவறு, அவர்களால் மட்டுமே செய்யக்கூடியது. அக்கா வழியில் நிற்கவில்லை என்றால் கசிவு இல்லை. இது பதினொரு வருஷமாக உடம்பில் ஊறிய கணக்கு. இப்போது அக்கா வரவே இல்லை. வராதவர் எந்தத் தூணிலும் நிற்பதில்லை. எனவே எல்லாம் நலம். ஒருவரும் இதை வாய்விட்டு நினைக்கவில்லை. தோள்கள் நினைத்தன, கால்கள் நினைத்தன. ஏழு மணி ஆகும், வாசலைப் பார்ப்பார்கள், யாரும் நிற்கவில்லை, நிம்மதியாக வேலைக்குத் திரும்புவார்கள்.

பத்தாம் நாள் காலை, கலனுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் பம்பு சத்தம் மாறியது. பள்ளம் இடுப்பளவு ஆழம். பிட்டர் இறங்கினார். குனிந்து, பம்பின் கழுத்தில் கசிவை அடைக்கும் தேய்ந்த பட்டையை உருவிவிட்டுப் புதுப் பட்டை சுற்றினார். இருபது நிமிஷம். சிவப்பின் ஆவி காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். மஞ்சள் வெளிச்சத்தில் பள்ளம் பழுப்பாக இருந்தது. எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும்.

மேலே ஏறி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், தொண்ட கொஞ்சம் எரியுது."

"தண்ணி குடி," என்றார் நிறம், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எரிவது அங்கே ஒரு செய்தியே அல்ல. பிட்டர் தண்ணீர் குடித்தார். முகம் கழுவினார். இருமினார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார், மனைவியிடம் துண்டு கேட்டார். நாலு மணிக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மணிக்கு உதடு நீலமாகிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, தரையிலேயே மூழ்குகிற மாதிரிதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நிறம் அங்கே போய்ச் சேர்ந்தபோது வராந்தா பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையில் புருஷனின் சட்டை. அழவில்லை. அவருக்கும் அழுகை வரவில்லை. உள்ளே எங்கோ கை மரத்துப்போனது மாதிரி இருந்தது. குத்தினால்கூடத் தெரியாது போல.

"இதை மோந்து பாருண்ணா," என்றாள் சட்டையை நீட்டி. "என்ன நாத்தம் இது? பத்து வருஷமா துவைக்கறேன், இப்படி அடிச்சதே இல்ல."

அவர் சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். துணி. ஈரம். வேறு எதுவும் இல்லை. இருபது நிமிஷம் பத்தடி தள்ளி நின்றிருந்தவர் அவர். தண்ணி குடி என்று சொன்னவரும் அவர்.

"ஆமா," என்றார். "நாத்தம்தான்."

மூன்றாம் நாள் ஆலையின் விசாரணை அறிக்கை வந்தது. அதுவும் சகாப்தத்தைச் சேர்ந்த ஆவணம்தான். 'மேற்படி பிட்டர் தமது நுகரும் திறன் இழந்ததை நிர்வாகத்திடம் மறைத்துப் பணியில் நீடித்ததே சம்பவத்துக்குக் காரணம். ஆகவே இது பணி விபத்து ஆகாது.' இரண்டாவது பத்தி இன்னும் அன்பானது: 'தொழிலாளர் நலன் கருதி மூன்றாம் கூடத்தில் அனைவருக்கும் நுகர்வுச் சோதனை நடத்தப்படும். தேறாதவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகவே பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள்.'

மூக்கைத் தின்றது ஆலை. இப்போது மூக்கு எங்கே என்று கேட்பதும் ஆலை.

அன்று மாலை சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பதினெட்டு பேர் கூடினார்கள். ஒருவர் சைக்கிள் மணியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சோதனைக்குப் போகாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை; போனால் வீடு. கடைசியில் ஒன்றே ஒன்று முடிவாயிற்று: பிட்டர் மறைத்தார் என்று எழுதிய காகிதத்தில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை. பெரிய புரட்சி அல்ல. ஆனால் பதினெட்டு பேரும் தலையாட்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக, எண்ணி.

கொட்டகை வாசலில் கெட்டில் அக்கா நின்றிருந்தார். கெட்டில் இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்திருந்தார்.

"தம்பி, பாடப்புத்தகம் எனக்கு ஆள் அனுப்பிச்சாரு. நாளைக்கு நான் வரணுமாம். குப்பில வாசன இருக்குதுன்னு மொதல்ல நல்ல மூக்கு ஒண்ணு சொல்லணுமாம். அப்பத்தான் சோதன செல்லுமாம். என் மூக்குக்கு என்னவோ பேருகூடச் சொன்னாரு. ஒப்பீட்டு மூக்காம்."

"பெரிய பதவிதான்க்கா."

"கேன்டீன்ல நிரந்தரமா வேலையாம். கையில எழுதிக் குடுத்திருக்காரு." ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "வீட்ல ரெண்டு பேரு நான் கொண்டு போறத நம்பி இருக்காங்க. என்ன செய்யட்டும், சொல்லு."

நிறம் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சொல்லக் கூடாதுக்கா. எனக்கு வேலை போகக் கூடாதுன்னு நெனைக்கற ஆளு நான். நான் சொன்னா அது யோசனையா இருக்காது."

அக்கா காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கேன்டீன் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் மூன்று குப்பிகள். மேசைக்குப் பின்னால் மேலாளர், வெள்ளை அங்கியில். பக்கத்து நாற்காலியில் முதலாளி, சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி. எதிரே இருபத்திரண்டு பேர் வரிசையாக. இருபத்து மூன்றாமவர் ஆக்சிஜனில் இருந்தார்.

"அறிவியல் யாருக்கும் பாரபட்சம் காட்டாது," என்று தொடங்கினார் மேலாளர். அந்தப் பாரபட்சமின்மையைக் கால் மணி நேரம் விளக்கினார். பிறகு, "எந்தச் சோதனைக்கும் ஒப்பீடு வேண்டும். அம்மா, வாங்க."

கெட்டில் அக்கா வந்து, முதல் குப்பியை எடுத்து மூக்கருகே வைத்தார். கிராம்பு எண்ணெய். பொடி கட்டும் பெண்கள் நிற்கிற இடம் வரை அதன் காரம் வந்தது.

அக்கா நிதானமாக மூச்சை இழுத்தார். விட்டார். மேலாளர் பேனாவோடு காத்திருந்தார்.

"எதுவும் வரல சார்."

"நல்லா இழுத்துப் பாருங்க."

"இழுத்தேன் சார். வரல."

இரண்டாவது வினிகர். "தண்ணிங்களா சார்?" என்றார் அக்கா. மூன்றாவது குப்பி மண்ணெண்ணெய். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இதுலயும் ஒண்ணுமில்ல."

மேலாளர் குப்பியைப் பிடுங்கித் தானே முகர்ந்தார், தும்மினார். "மண்ணெண்ணெய்! இது மண்ணெண்ணெய்!"

"அப்படிங்களா? உங்களுக்கு நல்ல மூக்கு சார்," என்றார் அக்கா, உண்மையான மரியாதையோடு. "மூணாம் கூடத்துப் பள்ளத்துல ஒரு நாற்காலி போட்டு உங்களையே உக்கார வெச்சிரலாம்."

வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரும் சிரிக்கவில்லை, நேராகவே சிரித்தார்கள். அக்கா இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். பிறகு வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

வரிசையில் முதலில் நின்றவள் பொடி கட்டும் பெண்களில் ஒருத்தி. அவள் மூக்குக்கு எந்தப் பழுதும் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட வாசனையில் கண்டுபிடிப்பவள் என்று பெயர். குப்பியை வாங்கினாள். தும்மலை அடக்கியதில் முகம் கோணிற்று.

"எதுவும் வரல."

அடுத்தவள்: "வரல." மூன்றாமவள்: "வரல." நாலாமவள் குப்பியைத் தொடவே இல்லை. "எனக்கும்தான்," என்றாள்.

பதினெட்டு ஆண்கள் வெறும் உண்மையைச் சொன்னார்கள். அன்றைக்கு அதற்கும் கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது.

முதலாளி கைக்குட்டையை இறக்கினார். "என்ன விளையாட்டு இது? எல்லாரையும் வெளிய அனுப்ப முடியாதுன்னு நெனைப்பா?"

"அனுப்பலாம் மொதலாளி," என்றார் நிறம். "எங்களுக்குப் பதிலா வர்றவங்களுக்கும் அஞ்சு வருஷத்துல இந்த மூக்குதான். அவங்களையும் அனுப்பிரலாம்."

"உனக்கு இங்க என்ன குறை வெச்சேன்? பத்தொன்பது வருஷம் சோறு போட்டிருக்கேன்."

"நான் கண்ணாடிய பாத்துக்கிட்டே நின்னேன் மொதலாளி, பத்தொன்பது வருஷமா. சிவப்பு விழும், நிறம் போயிரும். எவ்வளவு ஊத்தினாலும் எண்ணெய் சத்தமில்லாம குடிக்கும். நாங்களும் அப்படித்தான் குடிச்சோம். அலாரம் போச்சு, குடிச்சோம். டீ போச்சு, குடிச்சோம். என் தங்கச்சி புருஷன் மூழ்கிட்டிருக்கான், அது அவன் குத்தம்னு எழுதுனீங்க." குரல் உயரவில்லை, அவருக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "பிடிக்கக் கை தீந்துருச்சு மொதலாளி. நிறம் நின்னுருச்சு. இதுக்கு மேல ஊத்தினா, அது வெளியதான் வரும்."

"என்ன சொல்றான் இவன்?" என்று முதலாளி மேலாளரைக் கேட்டார்.

முனைவருக்குப் புரிந்தது. அந்த அறையில் அதைச் சரியாகப் புரிந்துகொண்ட படிப்பாளி அவர் ஒருவர்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நிறம் எண்ணினார். பழக்கம். எண்பது வரை எண்ணிப் பார்த்தார். வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பிறகு இருபத்திரண்டு பேரும் கூடத்துக்குப் போய், சிவப்பு வால்வை முறைப்படி மூடி, கலனைக் குளிரவைத்து, கையைக் கழுவிக்கொண்டு நுழைவாயிலுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள்.

கோரிக்கையை ஒரு பொடிப் பையைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்கள். அறிக்கையைத் திருத்து. அலாரத்துக்கு ஒயர் கொடு. பள்ளத்துக்குக் காற்றாடி வை. அக்காவை உள்ளே விடு. கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாவி திரும்பும் சத்தம் வந்தது.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. முதல் கூடமும் இரண்டாம் கூடமும் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பையில் எழுதியிருந்ததை நின்று படித்தார்கள். ஒருவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். ஒரு நிமிஷம் கழித்து இன்னொருவர். பிறகு ஸ்டாண்டு போடும் சத்தம் தெரு நீளத்துக்குக் கேட்டது. "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா," என்றபடி நூறு பேருக்கு மேல் புழுதியில் உட்கார்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள். ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்களாம். கண்ணைத் திறந்து, பம்புக்குப் பட்டை சரியாக உட்கார்ந்ததா என்று கேட்டாராம்.

"உக்காந்துருச்சுன்னு சொல்லு," என்றார் நிறம். தங்கை போனை வைத்த பிறகும் தன் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மரத்த இடத்தில் எங்கோ எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

நாலு மணிக்குத் தெருமுனையில் கெட்டில் அக்கா தெரிந்தார். வீட்டு அடுப்பில் போட்ட டீ. கூடவே இரவல் வாங்கிய இரண்டு பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள். மூன்றாம் கூடத்து ஆட்கள் தங்களையறியாமல் அவர் கால்களையே பார்த்தார்கள். முதல் மின்கம்பத்தில் நிற்கவில்லை. இரண்டாவதில் நிற்கவில்லை. எங்கேயும் நிற்காமல், கேட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த கடைசி ஆள் வரை வந்து ஊற்றினார். சுவர்மேல் சாய்ந்திருந்த ஒருவர் தம்ளரை உயர்த்திக் காட்டினார். எவரோ பிட்டர் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். தெரு முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

அக்கா நிறத்தின் முன்னால் வந்து நின்றார்.

"டீ எப்படித் தம்பி?"

"ரெண்டு வாரமா இப்படி ஒரு டீ குடிக்கலக்கா," என்றார் நிறம். மூக்கு அவிந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பொடி கட்டும் பெண்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்தார்கள்.

பால் அடிப்பிடித்திருந்தது.